கண்ணாடிக் கடையில் ஓர் அமானிதம்

நம்முடைய வீடுகளில் சுவரைப் பார்த்தால் ஏதேனும் ஒரு படம் கண்ணாடிக்குள் இருக்கும். கஃபத்துல்லாஹ்வின் படம், மதீனா முனவ்வராவின் பச்சைக் குப்பா, ஆயத்துல் குர்ஸீ, ஹஜ்ஜுக்குச் சென்ற பாட்டனார் ஜம்ஜம் தண்ணீரோடும் பேரீத்தம்பழத்தோடும் சுருட்டிக் கொண்டு வந்த ஒரு காகிதம். இவற்றின் விலை என்னவென்று யாரும் கேட்பதில்லை. படம் கெட்டுப் போன பிறகுதான் அந்தக் கேள்வி பிறக்கிறது!

அத்தகைய வழக்கு ஒன்று சில மாதங்களுக்கு முன் இஷாத் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்தது. வந்தவர் இருவர். ஒருவர் ஊரில் மதிப்புள்ள ஹாஜியார். மற்றவர் கடைத் தெருவில் படங்களுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுக்கும் ஓர் ஏழைத் தொழிலாளி. ஹாஜியாரின் மகன் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். அரபு எழுத்தணிக் கலைக்குப் பெரிதும் மதிப்பளிக்கும் ஊர் அது. 2004-ஆம் ஆண்டு தொடங்கி ஈராண்டுக்கு ஒரு முறை அதற்கென்றே கண்காட்சி நடத்தி வருகின்றனர். அங்கே அந்த மகன் 1,200 திர்ஹம் கொடுத்து ஓர் அச்சுப் படம் வாங்கித் தந்தைக்கு அனுப்பியிருந்தார். நம் பணத்தில் ஏறத்தாழ 27,000 ரூபாய்.

அச்சடித்த காகிதத்துக்கு இவ்வளவு விலையா என்று வாசகர்கள் வியக்கலாம். நாமும் வியந்தோம். விசாரித்த பின்தான் விளங்கிற்று. எழுத்தணிக் கலைஞர் தம் எழுத்தை நூறே நூறு பிரதிகள் அச்சிட்டு, அதன் பிறகு அச்சடிப்பதில்லை என்று உறுதி செய்துவிடுகிறார். ஒவ்வொரு பிரதியின் கீழ் ஓரத்திலும் பென்சிலால் அதன் எண்ணை எழுதித் தம் கையெழுத்தையும் இடுகிறார். ஹாஜியாருடைய பிரதியில் 27/100 என்று இருந்தது. நூறில் இருபத்தேழாவது என்று பொருள். வாங்குவோர் முதலில் பார்ப்பது அந்த ஓரத்தைத்தான்.

கடைக்காரர் அந்த ஓரத்தைக் கத்தரித்துவிட்டார்! தம்மிடமிருந்த சட்டத்தின் அளவுக்குப் படத்தைச் சரி செய்ய, நாற்புறமும் ஒன்றரை அங்குலம் வெட்டி, மைதாப் பசை தடவி, அட்டையில் அழுத்தி ஒட்டிக் கண்ணாடியும் போட்டுவிட்டார். கூலி 650 ரூபாய்.

"ஹஜ்ரத், இது என் மகன் ஆசையாக அனுப்பியது. ஒரு லட்சம் தந்தாலும் ஈடாகாது. அந்த ஒரு லட்சத்தை இவர் தரட்டும்" என்றார் ஹாஜியார்.

"ஹஜ்ரத், எழுத்தில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. வெறும் வெள்ளைக் காகிதத்தைத்தான் வெட்டினேன். காகிதத்துக்கு வேண்டுமானால் 200 ரூபாய் தருகிறேன்" என்றார் கடைக்காரர்.

ஒரே பொருளுக்கு இருநூறும் ஒரு விலை, இலட்சமும் ஒரு விலை. ஷரீஅத்தின் தராசு எங்கே நிற்கிறது?

ஒருவருடைய வேலையை மட்டும் செய்யாமல் பலருக்கும் வேலை செய்து கொடுக்கும் தையற்காரர், சாயக்காரர், வண்ணார் போன்றோரை ஃபிக்ஹு நூல்கள் 'அஜீர் முஷ்தரக்' என்று அழைக்கின்றன. கண்ணாடிக் கடைக்காரரும் அந்த வகையினரே. அவர் கையில் கொடுத்த பொருள் கெட்டால் அவர் ஈடு தர வேண்டுமா என்பதில் நம் இமாம்கள் ஒரே கருத்தில் இல்லை. ஹனஃபி மத்ஹபில், அவருடைய செயலாலேயே கெட்டது என்றால், அவர் வேண்டுமென்று செய்யாவிடினும் ஈடு கொடுத்தே ஆக வேண்டும். துவைக்கும்போது கிழிந்த துணி அதற்கு உதாரணம். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்லோ, வரம்பு மீறாமலும் கவனக்குறைவு இல்லாமலும் கெட்டதற்கு அவர் பொறுப்பாளி அல்லர் என்பதாகும். மாலிக் (ரஹ்) அவர்களின் மத்ஹபு தொழிலாளிகளைப் பொறுப்பாக்குவதில் மிகக் கண்டிப்பானது. மக்களின் நலன் இதில்தான் இருக்கிறது என்று கருதி அலீ (ரலி) அவர்கள் தொழிலாளிகளைப் பொறுப்பாக்கினார்கள் என்றும் அறிவிக்கப்பட்டுள்ளது.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களைப் பற்றி அவர்களுடைய மாணவர் ரபீஉ (ரஹ்) கூறும் ஒரு செய்தி நம் மனத்தை மிகவும் தொட்டது. தொழிலாளி மீது பொறுப்பில்லை என்பதே இமாம் அவர்களின் உள்ளக் கருத்தாம். எனினும், கெட்ட தொழிலாளிகள் அதைக் கேடயமாக்கிக் கொள்வார்களே என்று அஞ்சி வெளிப்படையாகச் சொல்லாதிருந்தார்களாம். சட்டம் தெரிந்தவனுக்கு, அது யார் கையில் போய் என்ன ஆகும் என்ற கவலையும் இருக்க வேண்டுமென்பதை நாம் ஓதிய காலத்தில் இவ்வளவு அழுத்தமாக உணரவில்லை.

ஆக, ஷாஃபிஈ மத்ஹபினரான இவ்விருவருக்கும் இடையே தீர வேண்டிய கேள்வி, ஓரத்தை வெட்டியது வரம்பு மீறலா என்பதே. நம் நூல்களில் தையற்காரனைப் பற்றி நுட்பமான ஒரு மஸ்அலா உண்டு. "இந்தத் துணி எனக்கு ஒரு சட்டைக்குப் போதுமானால் வெட்டு" என்று ஒருவர் கூறி, அவன் வெட்டிய பின் போதவில்லையென்றால் அவன் ஈடு தர வேண்டும். ஏனெனில் அனுமதி நிபந்தனையோடு வந்தது. "இது போதுமா?" என்று கேட்க, "போதும்" என்று அவன் சொல்ல, "அப்படியானால் வெட்டு" என்று கூறியிருந்தால் ஈடு இல்லை. இரண்டு வாக்கியங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கவனியுங்கள்! நம் ஹாஜியாரோ, "கண்ணாடி போட்டுக் கொடுங்கள்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

சொல் இல்லாத இடத்தில் வழக்கம் பேசும். அதே தெருவில் கண்ணாடி போடும் வேறு இருவரிடம் கேட்டு வரச் சொன்னோம். காலண்டர் படத்தையும் போட்டோவையும் கேட்காமலே வெட்டுவோம், வெளிநாட்டிலிருந்து வந்த படமென்றால் கேட்டுத்தான் கத்தரி வைப்போம், பசையும் ஒட்ட மாட்டோம் என்று இருவருமே கூறினர். நல்ல வேலைக்காரர் படத்தின் மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய காகிதத் துண்டுகளை ஒட்டித் தொங்கவிட்டு, முன்னே அட்டைச் சாளரம் வைத்துக் கண்ணாடி படத்தில் படாமல் காப்பாராம். மைதாப் பசை பூச்சிக்கு விருந்து. மலிவான அட்டையின் அமிலம் சில ஆண்டுகளில் காகிதத்தைப் பழுப்பாக்கும். இவற்றைக் கேட்ட பின், நம் கடைக்காரர் கேட்டிருக்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை என்று நாம் முடிவு செய்தோம்.

பொறுப்பு உண்டு என்றால் எவ்வளவு? இங்கேதான் ஹாஜியாரின் இலட்சம் விழுகிறது. ஒரு பொருளை அழித்தவர், அதைப் போன்றது கிடைக்குமானால் அதைப் போன்றதையே தர வேண்டும். நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்தில் ஒரு துணைவியாரின் உணவுத் தட்டு ரோஷத்தால் உடைபட்டபோது, பெருமானார் உடையாத வேறொரு தட்டை அதற்கு ஈடாகக் கொடுத்தனுப்பிய வரலாறு புகாரீயில் உள்ளது. அதைப் போன்றது இல்லையானால் சந்தை விலை. பொருள் அழியாமல் குறைபட்டிருந்தால், குறைபடுமுன் இருந்த விலைக்கும் பின்னர் உள்ள விலைக்கும் இடையேயான வித்தியாசம். அதற்கு 'அர்ஷு' என்று பெயர். இவை எதிலும் மகனின் ஆசைக்கும் தந்தையின் கண்ணீருக்கும் தொகை போடப்படவில்லை. ஷரீஅத் அன்பை மதிக்கவில்லை என்பதல்ல இதன் பொருள். அதை விற்பனைப் பொருளாக்க அது இசையவில்லை. மகன் ஷார்ஜாவில் விற்றவரிடமே விசாரித்தார். எண்ணும் கையெழுத்தும் வெட்டுண்டு, பசையும் ஒட்டிய பிரதி 300 திர்ஹத்துக்குப் போகலாம் என்று பதில் வந்தது. குறைவு 900 திர்ஹம். சுமார் 20,000 ரூபாய்.

இந்தத் தொகையைக் கேட்டதும் கடைக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "ஹாஜியார், விலை இவ்வளவு என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தொட்டிருப்பேனா?" என்றார்.

ஹாஜியார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "சொன்னால் கூலியைக் கூட்டிக் கேட்பீர்கள் என்று சொல்லவில்லை" என்றார்.

அந்த நேரத்தில் நமக்கு நினைவு வந்தது ஸூரத்துல் முதஃப்பிஃபீன். தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்போருக்கு அங்கே கேடு அறிவிக்கப்படுகிறது. அது எண்ணெய்க்காரனின் படியையும் துணிக்காரனின் கெஜக்கோலையும் பற்றியது என்றே நாம் எண்ணுகிறோம். கூலி பேசும்போது ஒரு காகிதமாகவும், ஈடு கேட்கும்போது ஓர் இலட்சமாகவும் ஒரே படத்தை அளந்த நாவும் ஒரு படிதானே? ஆனால், இதையும் சொல்லிவிட வேண்டும்: விலையை மறைத்ததால் ஹாஜியாரின் உரிமை சட்டப்படி போய்விடவில்லை. பொருளின் விலை தெரியாமல் கெடுத்தவரும் ஈடு கொடுக்கவே கடமைப்பட்டவர். சட்டம் கடைக்காரர் மீதும், மனச்சாட்சி ஹாஜியார் மீதும் பேசிற்று.

இடையில் மகன் தொலைபேசியில், "படத்தை இன்ஷூர் செய்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே!" என்றார். கடைக்காரரும் கடைக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கலாமா என்று கேட்டார். கப்பல் சரக்குக்கு ஐரோப்பியரிடம் செய்யப்பட்ட 'ஸூகரா' என்னும் ஏற்பாட்டை, ஹிஜ்ரி 1252-இல் வஃபாத்தான டமாஸ்கஸின் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் ஆராய்ந்து, அந்த ஈட்டுத் தொகை ஆகாது என்றார்கள். கூலி வாங்கிக் காக்கும் அமானிதக்காரன் பொறுப்பேற்பதில்லையா என்ற கேள்விக்கு, சரக்கு இவன் கையில் இல்லையே என்பது அவர்களின் விடை. மக்காவின் ஃபிக்ஹு பேரவை 1978-இலும், ஜித்தாவின் பேரவை 1985-இலும் வணிக இன்ஷூரன்ஸைத் தடுத்து, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறையை அனுமதித்தன. ஸிரியாவின் முஸ்தஃபா அஸ்ஸர்கா (ரஹ்) போன்றோர் வணிக முறையையும் ஆகுமாக்கியுள்ளனர். நாம் பெரும்பான்மையினரோடு நிற்கிறோம். அத்தெருவின் கடைக்காரர்கள் ஆளுக்கொரு சிறு தொகையை நன்கொடையாகச் சேர்த்து வைத்துத் தமக்குள் உதவிக் கொள்வதைத் தடுப்பவர் யாருமில்லை.

வேறு கருத்தின்படி நடப்போரும் ஒன்றை அறிந்து கொள்ளட்டும். நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிய பொதுவான தீக்காப்புப் பத்திரத்தில், பிறர் ஒப்படைத்த பொருள்களும் 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட கலைப்பொருள்களும் தனியே எழுதப்பட்டாலன்றிச் சேர்வதில்லை. விலையைக் கூட்டி எழுதினாலும் உண்மை இழப்புக்கு மேல் கிடைக்காது. குறைத்து எழுதினாலோ, 40,000 ரூபாய்ப் பொருளை 20,000 என்று எழுதியவருக்கு 10,000 ரூபாய் சேதத்தில் 5,000 மட்டுமே கிடைக்கும். அங்கேயும் பொய்ப் படி உதவாது! அன்றியும், இந்தப் படம் தீயில் போகவில்லை. கத்தரியில் போயிற்று.

பிறகு ஸுல்ஹு பேசினோம். ஹாஜியாரை நாம் வற்புறுத்தவில்லை, உரிமை அவருடையது. இரண்டு நாள் கழித்து வந்து, 6,000 ரூபாய் போதும், அதையும் மாதம் ஆயிரமாகத் தரட்டும் என்றார். கூலி 650-ஐத் தாம் தர வேண்டுமா என்றும் கேட்டார். கேட்ட வேலை கேட்ட விதமாக நடக்காததால் அது கடமையில்லை என்றோம். இருந்தும் கொடுத்துவிட்டார். எண்ணில்லாத அந்தப் படம் அவர் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறது.

சென்ற வாரம் கடைக்காரர் தம்முடைய புதிய ரசீதுப் புத்தகத்தைக் காட்ட வந்தார். படத்தின் விவரம், வெட்டலாமா, ஒட்டலாமா, வாடிக்கையாளர் சொல்லும் விலை என்று கட்டங்கள் போட்டு அச்சிட்டிருந்தார். எது நேர்ந்தாலும் கடை பொறுப்பல்ல என்று கீழே ஒரு வரியும் இருந்தது. கவனக்குறைவால் கெடுத்தவரின் பொறுப்பை அந்த வரி நீக்காது என்று கூறி அதை அடிக்கச் சொன்னோம், அடித்துவிட்டார். புரட்டிப் பார்த்தபோது, விலைக் கட்டம் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தது. "கேட்டால், 'அதெல்லாம் எதற்குப் பாய், சும்மா போடுங்கள்' என்கிறார்கள் ஹஜ்ரத்" என்றார். விலை சொல்லாதவர் பெயருக்கு எதிரே 'கேட்டேன், சொல்லவில்லை' என்றாவது எழுதி வைக்கும்படி கூறி அனுப்பினோம்.