கருவியும் காலமும்

1997இல் கஸ்பரோவைச் சதுரங்கத்தில் வென்ற டீப் புளூ, தனியே அமைக்கப்பட்ட பெருங்கணனி. 2006இல் உலக சம்பியன் கிராம்னிக்கை 4–2 என வீழ்த்திய டீப் ஃபிரிட்ஸோ, வீட்டுக்கணனியிலேயே இயங்கத்தக்கது. அதனினும் வலிய ஸ்டொக்ஃபிஷ் இன்று இலவசம். ராகலைத் தோட்ட லயத்துச் சிறுமியும் கைத்தொலைபேசியில் அதனைப் பெறலாம்.

கருவி பொதுவாயிற்று, கல்வியும் பொதுவாயிற்றா? பொறி சிறந்த நகர்வைக் காட்டும். அஃது ஏன் சிறந்தது என்பதை நாமே உழைத்து உணர்தல் வேண்டும். ஆர்வமுள்ளோர் எவ்வாறேனும் கற்பர் என்பாருளர். ஆர்வமும் ஓய்வை உண்டே வளர்வது. தாய் காலையிலேயே கொழுந்தெடுக்கப் புறப்படும் இல்லத்தில், தம்பியைப் பேணுவதும் நீர் சுமப்பதும் அவ்வோய்வை விழுங்குவன.

ஆதலின், கருவியைச் சமமாக்கிய பெருமை விஞ்ஞானத்துக்கு உரித்தாகுக. காலத்தைச் சமமாக்கும் கடன் சமூகத்தைச் சார்ந்ததே.