அளவுகோல் மாறும் வயது

ஒருவர் வாழ்க்கையில் முன்னேறிவிட்டார் என்பதை ஊர் எதைக் கொண்டு முடிவு செய்கிறது என்னும் கேள்விக்கு, ராசிபுரத்தையும் அதைச் சுற்றியுள்ள சேலம், நாமக்கல் சமவெளியையும் பொறுத்தவரை, கடந்த ஒரு தலைமுறைக் காலமாக எண்களே விடையாக இருந்துவந்திருக்கின்றன. பிளஸ் டூவில் எத்தனை, கட் ஆஃப் எவ்வளவு, எந்தக் கல்லூரி, முதல் சம்பளம் எவ்வளவு என்று அடுத்தடுத்து வரும் அந்தக் கேள்விகளுக்குச் சரியான எண்ணைச் சொல்ல முடிந்தவரே முன்னேறியவர். இப்படி எண்களால் வளர்ந்த ஒருவர், நாற்பது வயதை நெருங்கும்போது, தம் தொழிலில் தாம் உண்மையிலேயே வளர்ந்திருக்கிறோமா என்பதை எந்த எண்ணாலும் அறிய முடியாத நிலையை அடைகிறார். அந்த வயதில் அவருக்கு வேண்டியிருக்கும் அளவுகோல் எது என்பதே இங்கே எடுத்துக்கொள்ளப்படும் பொருள்.

எண்களின் மீது இப்பகுதி கொண்ட பற்றுக்கு நியாயமான காரணம் உண்டு. காவிரி நாமக்கல் மாவட்டத்தின் மேற்கையும் தெற்கையும் ஒட்டிச் செல்கிறது. போதமலை, கொல்லிமலை அடிவாரங்களை நோக்கிய ராசிபுரம் பக்கத்து நிலங்களோ மழையையும் கிணற்றையும் ஏரியையுமே நம்பியவை. மேட்டுக்காட்டில் மரவள்ளியும் சோளமும் கடலையும் போட்டு, கிணறு வற்றிய ஆண்டுகளில் கடன் வாங்கிப் பிழைத்த குடும்பங்கள், நிலத்தை நம்பாத வருமானத்தைத் தேடியாக வேண்டியிருந்தது. நாமக்கல் லாரிக்கும் கோழிப்பண்ணைக்கும் திரும்பியது. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளை நாடெங்கும் அனுப்பியது. ராசிபுரம், ஆத்தூர் வட்டாரங்களில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி ஆக்கும் சேகோ ஆலைகள் பெருகின. கடன் வாங்கத் துணிந்து, உழைப்புக்கு அஞ்சாமல் இத்தொழில்களில் இறங்கிய அதே மனநிலைதான் பிள்ளைகளின் படிப்பிலும் பணத்தைப் போட்டது. வறண்ட நிலத்தின் மக்களுக்கு மதிப்பெண், பங்காளியும் பிரித்துக்கொள்ள முடியாத, மழை பொய்த்தாலும் குறையாத சொத்தாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

இந்தப் பற்றுக்கு அரசின் முடிவொன்றும் உரமிட்டது. பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்காகத் தமிழ்நாட்டில் நடந்துவந்த பொது நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே சேர்க்கைக்கு அடிப்படையாயிற்று. கட் ஆஃப் எனப்படுவது, பொறியியலுக்குக் கணிதத்தை நூற்றுக்கும், இயற்பியலையும் வேதியியலையும் ஐம்பது ஐம்பதுக்கும் சுருக்கிக் கூட்டிய இருநூறு. மருத்துவத்துக்கு அப்போது கணிதத்தின் இடத்தில் உயிரியல் இருந்தது. அந்த இருநூறில் கால் மதிப்பெண் குறைந்தாலும் தரவரிசையில் பலர் முந்திக்கொள்வர் என்பதால், பாடத்தை வரிவரியாக மனத்தில் ஏற்றி, நாள்தோறும் தேர்வு வைத்து, ஒரு மதிப்பெண் வினாவும் தவறாமல் பயிற்றுவிக்கும் உறைவிடப் பள்ளிகள் ராசிபுரம், நாமக்கல் வட்டாரத்தில் தழைத்தன. மாநிலத்தின் மூலைமுடுக்குகளிலிருந்தெல்லாம் பெற்றோர் பெட்டியும் படுக்கையுமாகப் பிள்ளைகளை அழைத்துவந்து விட்டுச் சென்றார்கள். பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டும் நடத்தும் வழக்கம் தனியார் பள்ளிகள் பலவற்றில் பரவியது. 2017இல் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வு வந்தது. அதே ஆண்டு மாநில அளவில் முதலிடம் பெற்றவர்களின் பட்டியலை வெளியிடும் வழக்கத்தை அரசு கைவிட்டது. பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்து, மொத்தம் ஆயிரத்து இருநூறு என்பது அறுநூறு ஆயிற்று. விதிகள் மாறினாலும் மனப்பழக்கம் மாறவில்லை.

இம்முறையைப் பழித்துப் பேசுவது எளிது, ஆனால் அது நேர்மையாகாது. தறிக்குழியிலும் கிழங்குக் காட்டிலும் பிறந்த பிள்ளைகள் பலர் பொறியாளராகவும் மருத்துவராகவும் வங்கி அதிகாரியாகவும் ஆனதில் இந்தப் பயிற்சிக்குப் பங்குண்டு. விடியற்காலையில் எழுந்து உட்காரும் கட்டுப்பாட்டை வாழ்நாள் முழுதும் நன்றியோடு நினைப்பவர்கள் உண்டு. குறை அங்கே தொடங்கவில்லை. தேர்வு முடிந்த பின்னும் தேர்வு எழுதுபவராகவே ஒருவர் நீடிப்பதில்தான் தொடங்குகிறது.

பள்ளித் தேர்வுக்கு வரையறுத்த பாடம் உண்டு, தேதி உண்டு, விடைக்குறிப்பு உண்டு. தொழில் வாழ்க்கையில் இம்மூன்றும் இல்லை. இல்லாதபோது, பழகிய மனம் அவற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஆண்டுதோறும் அலுவலகம் தரும் அப்ரைசல் தரம், அடுத்த பதவி உயர்வு, உடன் படித்தவரின் சம்பளம், லிங்க்ட்இன் பக்கத்தில் அடுக்கப்படும் சான்றிதழ்கள் ஆகியவை புதிய மதிப்பெண் பட்டியலாகின்றன. ஓர் அளவே இலக்காகிவிட்டால் அது நல்ல அளவாக இருப்பது நின்றுவிடும் என்னும் கருத்து, சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளியலர் 1975இல் நாணயக் கொள்கையைப் பற்றி எழுதியதிலிருந்து கிளைத்து, இன்று அவர் பெயராலேயே ஒரு விதியாக வழங்குகிறது. நிறுவனங்கள் இதைப் பட்டறிந்தே கற்றன. ஊழியர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு, குறிப்பிட்ட விழுக்காட்டினரைக் கட்டாயமாகக் கடைசி வரிசையில் நிறுத்தும் தரப்படுத்தலை மைக்ரோசாஃப்ட் 2013இல் கைவிட்டது. அருகிலிருப்பவர் தோற்றால்தான் தமக்கு நல்ல தரம் என்ற நிலையில், கெட்டிக்காரர்கள் கெட்டிக்காரர்களோடு சேர்ந்து வேலை செய்யத் தயங்கினார்கள் என்பது அம்முறைமீது சொல்லப்பட்ட முக்கியமான குறை. நிறுவனம் கைவிட்ட தரப்படுத்தலைத் தனிமனிதர் தம் மனத்துக்குள் நடத்திக்கொண்டிருந்தால் அதைக் கைவிடச் செய்ய எவரும் இல்லை.

சுயமுன்னேற்ற நூல்கள் இந்த இடத்தில்தான் பலர் கைக்கு வருகின்றன. தமிழில் இத்துறை தொடங்கிய விதம் நினைவில் வைக்கத்தக்கது. ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூல்களை 'மனம்போல வாழ்வு', 'அகமே புறம்' என்று தமிழாக்கியவர் வ. உ. சிதம்பரனார். தூத்துக்குடியில் வழக்கறிஞராகப் பெயர் பெற்று, 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, 1908இல் தண்டனை பெற்று, 1912 டிசம்பரில் விடுதலையாகி வெளியே வந்தபோது கப்பலும் இல்லை. வழக்கறிஞர் தொழில் செய்யும் உரிமையான சன்னதும் பறிபோயிருந்தது. இன்றைய சொல்லில் கேரியர் எனப்படும் ஒன்று முழுவதுமாக அழிந்துபோன மனிதர், மனத்தைச் செம்மை செய்வதைப் பற்றிய நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார் என்றால், அந்த நூல்களில் அவர் தேடியது பதவி உயர்வுக்கான வழி அன்று. எதுவும் கைவசம் இல்லாதபோதும் ஒருவர் நிமிர்ந்து நிற்பதற்கு எது வேண்டும் என்பதே அவர் கேள்வி. பிற்காலத்தில் எம். எஸ். உதயமூர்த்தி 'எண்ணங்கள்' எழுதியபோதும் தனிமனித முயற்சியோடு சமூகக் கடமையும் பேசப்பட்டது. இன்று புத்தகக் கடைகளில் குவிந்திருக்கும் இவ்வகை நூல்கள் பலவற்றில் அந்தக் கேள்வி மறைந்து, பிறரைவிட வேகமாக மேலே செல்வது எப்படி என்ற ஒன்றே எஞ்சியிருப்பது வருத்தத்துக்குரியது.

ராசிபுரத்தின் பெயரை உலகம் அறிந்தோ அறியாமலோ படித்துக்கொண்டிருப்பது ஓர் எழுத்தாளரின் தலைப்பெழுத்தில். ஆர். கே. நாராயணின் பெயரில் முதலில் நிற்பது இந்த ஊர். அவர் குடும்பத்தின் பூர்வீகம் இது. 1906இல் சென்னையில் பிறந்த அவர், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் முதல் முறை தேறவில்லை. அந்த ஓராண்டை வீட்டிலிருந்து வாசிப்பதிலும் எழுதுவதிலும் கழித்தார். மைசூரில் பி.ஏ. முடித்து, ஆசிரியர் வேலையில் சேர்ந்து, விரைவிலேயே அதை விட்டுவிட்டு, எழுதுவதே தொழில் என்று வீட்டில் உட்கார்ந்தார். தலைமையாசிரியரின் மகன் இப்படிச் செய்ததை அந்தக் காலத்து உறவினர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதை ஊகிக்கக் கடினமில்லை. முதல் நாவல் பதிப்பாளர் பலரால் திருப்பி அனுப்பப்பட்டது. இங்கிலாந்திலிருந்த நண்பர் வழியாகக் கிரகாம் கிரீன் கையில் சேர்ந்து, 1935இல் 'சுவாமியும் நண்பர்களும்' வெளிவந்தது. அதன் பிறகும் நூல்கள் நன்றாக விற்றுவிடவில்லை. நாளிதழுக்குச் செய்தி எழுதிக் கொடுத்துத்தான் குடும்பச் செலவை ஈடுகட்ட வேண்டியிருந்தது. 'கைடு' 1958இலும் சாகித்திய அகாதெமி விருது 1960இலும் வந்தன. இடைப்பட்ட இத்தனை ஆண்டுகளிலும் அவருக்கு மதிப்பெண் போட ஒருவரும் இல்லை. நேற்று எழுதிய பக்கம் சரியாக வந்திருக்கிறதா என்பது மட்டுமே அவர் கையில் இருந்த அளவுகோல்.

இத்தகைய வாழ்க்கை மேதைகளுக்கு மட்டுமே உரியது என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ராசிபுரத்துப் பட்டுத் தறிகளில் இதே அளவுகோல் நாள்தோறும் இயங்குகிறது. குழித்தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு முன்னால் பாவு நீண்டிருக்கிறது. நீளவாக்கில் ஓடும் இழைகள் பாவு, குறுக்கே நாடா கொண்டுசெல்லும் இழை ஊடை. பாவில் ஓர் இழை அறுந்தால் அதை உடனே கண்டு, தறியை நிறுத்தி, அறுந்த முனையைத் தேடியெடுத்து, விழுதிலும் அச்சிலும் அதற்குரிய கண்ணில் கோத்து முடிய வேண்டும். கவனியாமல் விட்டால் அங்கிருந்து சேலை நெடுகக் கோடு விழும். ஊடையை அடிக்கும் அடி ஒரே சீராக இல்லையென்றால் துணி ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் தளர்ந்தும் போகும். பழகத் தொடங்கிய இளைஞரின் துணிக்கும் இருபது ஆண்டு நெய்தவரின் துணிக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லச் சான்றிதழ் வேண்டாம், வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தால் போதும். நெய்பவர் தம்மைப் பற்றி நினைப்பதே இல்லை, இழையைப் பற்றி நினைக்கிறார். அதனாலேயே அவர் வளர்கிறார்.

ஆனால் அந்த நெசவாளருக்குக் கிடைக்கும் கூலி அவர் திறமைக்கு ஈடானதல்ல என்பதையும், அதனால்தான் அவர் தம் பிள்ளையைத் தறியில் உட்காரவிடாமல் பள்ளி விடுதியில் சேர்த்தார் என்பதையும் மறைத்துக்கொண்டு கைவினையின் பெருமையைப் பாடுவது முறையாகாது. பிள்ளை வெளியேறியது சரி. இழப்பு வேறொன்றில் இருக்கிறது. வேலையின் தரத்தை வேலையிலேயே காணும் கண், தந்தையிடம் இருந்தது; குறைந்த கூலியைத் துறந்தபோது அந்தக் கண்ணையும் சேர்த்துத் துறக்க வேண்டிய அவசியம் மகனுக்கோ மகளுக்கோ இருக்கவில்லை.

வங்கி அதிகாரி ஒருவரை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். பணியில் சேர்ந்த பின் ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. எனப்படும் துறைத் தேர்வுகளை எழுதித் தேறினால் ஊதிய உயர்வு உண்டு. அவற்றில் கற்பதற்கும் பொருள் உண்டு. ஆனால் சேகோ ஆலைக்காரர் நடைமுறை மூலதனக் கடன் கேட்டு வரும்போது, கிழங்கு வரத்து எந்த மாதங்களில் கூடும், விலை எப்போது சரியும், ஈர மாவைக் காயவைக்கும் களம் போதுமா, மழை பிடித்துக்கொண்டால் எத்தனை நாள் வேலை நிற்கும், கழிவுநீருக்கு என்ன ஏற்பாடு என்பவற்றைக் கேட்டறிந்து, தேவைக்குக் குறையாமலும் கூடாமலும் ஒரு தொகையைப் பரிந்துரைக்கும் தீர்ப்பு எந்தத் தேர்விலும் வருவதில்லை. குறைத்துக் கொடுத்தால் அவர் வட்டிக்காரரிடம் போவார், கூட்டிக் கொடுத்தால் அந்தப் பணம் வேறு வழியில் போய்க் கடன் வாராக்கடனாகும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் தாம் எழுதிய கடன் குறிப்புகளை எடுத்துப் பார்த்து, எந்தக் கணிப்பு பலித்தது, எது ஏன் பொய்த்தது என்று ஒரு மாலை உட்கார்ந்து ஆராயும் அதிகாரி, தம் வளர்ச்சியை அறிவதற்கான ஆவணத்தைக் கையிலேயே வைத்திருக்கிறார். அவ்வாறு பார்ப்பவர் குறைவாக இருப்பதற்குக் காரணம், அதற்கு யாரும் மதிப்பெண் தருவதில்லை என்பதே.

பேராசையை அடக்கு என்ற பழைய அறிவுரை இதுவன்று. பதவி உயர்வை விரும்புவதிலும் நல்ல சம்பளத்தைக் கேட்டு வாங்குவதிலும் குறையொன்றும் இல்லை. வீட்டுக் கடனும் பெற்றோரின் மருத்துவச் செலவும் தத்துவத்தால் அடைபடுவதில்லை. எனினும் பதவி என்பது காலியிடத்தையும் மேலதிகாரியையும் சந்தையையும் பொறுத்தது. வேலையின் தரம் பெரும்பாலும் செய்பவரைப் பொறுத்தது. தம் மதிப்பு முழுவதையும் முதலாவதில் வைத்தவர், காலியிடம் இல்லாத ஓர் ஆண்டில் தம்மையே தோல்வியாகக் கருத நேர்கிறது. இரண்டாவதில் ஒரு பங்கையேனும் வைத்தவர் அந்த ஆண்டையும் கற்ற ஆண்டாகக் கடந்துவிடுகிறார்.

மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த ஆர். கே. நாராயண், தம் கன்னி உரையில் எடுத்துக்கொண்ட பொருள் பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பையின் சுமை. அதன் தொடர்ச்சியாக அமைந்த யஷ்பால் குழு 1993இல் அறிக்கை தந்தது. பையின் எடையைவிடப் புரியாமல் படிப்பதன் சுமையே பெரிது என்பது அதன் முடிவு. அந்த அறிக்கைக்குப் பின் வந்த ஆண்டுகளில்தான் அவர் தலைப்பெழுத்தில் நிற்கும் ஊரின் விடுதிகள் நிரம்பின. அங்கே படித்துச் சென்றவர்கள் இப்போது பெற்றோராகவும் மாமன்மாராகவும் அத்தைமாராகவும் ஊர்க் கல்யாணங்களுக்குத் திரும்பி வருகிறார்கள். "தம்பி இப்ப எங்க இருக்கீங்க? மாசம் எவ்வளவு வருதுங்க?" என்று பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கும்போது, தொகையைச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடுகிறது. தொகையோடு நிறுத்தாமல் தாம் செய்யும் வேலையையும், அதில் எது கடினம், எதை இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதையும் நான்கு வாக்கியம் சொல்ல, திரும்பி வந்தவரால் முடியும். பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவை எடுப்பது என்று அடுத்த மாதம் முடிவு செய்யவேண்டிய பிள்ளைகள் அதே பந்தியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வங்கி அதிகாரியோ பொறியாளரோ காலை முதல் மாலை வரை உண்மையில் என்ன செய்கிறார் என்பதை அவர்களுக்குச் சொல்லக்கூடியவர் அங்கே அவரைத் தவிர வேறு எவரும் இல்லை.