நீட்டிய கை

சீடன்: ஐயா, நேற்றிரவு ‘பிரேக்கிங் பேட்’ தொடரில் ‘ஃபீனிக்ஸ்’ அத்தியாயம் பார்த்தேன். அப்புறம் தூக்கம் வரவில்லை.

குரு: 2009-இல் வந்தது. எந்த இடம்?

சீடன்: கடைசிக் காட்சி. திருட்டுத்தனமாகப் போதைப்பொருள் தயாரிக்கும் வால்ட்டர் வொயிட்டின் கூட்டாளி ஜெஸ்ஸியும் அவன் காதலி ஜேனும் ஹெராயின் போதையில் கிடக்கிறார்கள். வால்ட்டர் வந்து ஜெஸ்ஸியைப் பிடித்து உலுக்குகிறார். அந்த உலுக்கலில், ஒருக்களித்துப் படுத்திருந்த ஜேன் மல்லாந்துவிடுகிறாள். வாந்தி வந்து மூச்சு அடைக்கிறது. வால்ட்டர் பாய்ந்து போய்க் கை நீட்டுகிறார். நீட்டிய கை பாதியில் நிற்கிறது.

குரு: அதற்கு முன்னால் வீட்டில் தன் கைக்குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் துணியைச் சுருட்டி அண்டக்கொடுப்பாரே, கவனித்தாயா? பால் கக்கினால் புரையேறிவிடக் கூடாதென்று. ஆக, என்ன செய்ய வேண்டும் என்று தெரியாதவர் இல்லை.

சீடன்: இருந்தாலும் அவர் கொல்லவில்லையே. சும்மா நின்றார். அழவும் செய்தார்.

குரு: அழுகையைக் கணக்கில் சேர்க்காதே. சமணர்கள் வினையை மூன்றாகப் பார்த்தார்கள்: தானே செய்வது, பிறரைச் செய்யவைப்பது, நடப்பதற்கு உடன்படுவது. மூன்றிலும் வினை ஒட்டும் என்றார்கள். அவள் மல்லாந்ததற்குக் காரணம் இவர். சும்மா நின்றாரே, அது உடன்பாடு.

சீடன்: அவர் குற்றவாளி என்பது விளங்குகிறது. நான் ஏன் கலங்க வேண்டும்? அதுதான் விளங்கவில்லை.

குரு: ஜேன் அதற்கு முன் என்ன செய்திருந்தாள்?

சீடன்: மிரட்டினாள். ஜெஸ்ஸியின் பங்கான 4,80,000 டாலரைக் கொடுக்காவிட்டால் வால்ட்டரின் தொழிலை ஊரறியச் சொல்லிவிடுவேன் என்று. அவரும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். ஆனால் அவள் வாய் இருக்கிறதே...

குரு: சொல்லு, முடி.

சீடன்: அவள் உயிரோடிருக்கும்வரை வால்ட்டருக்கு ஆபத்துதான்.

குரு: இரண்டு சீசனாக அவர் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தவன் நீ. அந்தப் பெண் திணறியபோது, ‘அப்பாடா, ஒரு தொல்லை விட்டது’ என்று உள்ளே ஏதாவது எட்டிப்பார்த்ததா?

சீடன்: ஒரு கணம்... உடனே என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

குரு: அந்தக் கணத்துக்காகத்தான் தொடரை எழுதியவர்கள் காட்சியை அப்படிக் கட்டியிருக்கிறார்கள். வால்ட்டரே அவளுக்கு ஹெராயின் ஊசியை ஏற்றிவிடுவதாகக்கூட முதலில் யோசித்திருந்தார்கள். பிறகு கைவிட்டார்கள்.

சீடன்: அது இன்னும் கொடூரமாக இருந்திருக்குமே?

குரு: இருந்திருக்கும். நீயும் ‘பாவி’ என்று திட்டிவிட்டு, டிவியை அணைத்து, நன்றாகத் தூங்கியிருப்பாய்.

சீடன்: அடுத்த அத்தியாயத்தைப் பார்க்கலாமா?

குரு: பாரேன். மகள் ஜேனைப் பறிகொடுத்த தகப்பன் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலைக்குத் திரும்புகிறார். அவர் கவனம் சிதற, இரண்டு விமானங்கள் மோதி 167 பேர் சாகிறார்கள். எனக்கு அது மிகையாகப் பட்டது. பாவத்துக்கு வட்டி போட்டுக் காட்ட அவசரப்பட்டுவிட்டார்கள். செத்தவர்களில் யாரையும் உனக்குத் தெரியாது. அதைப் பார்த்துவிட்டு நீ தூங்கிவிடுவாய்.