இழிபடமும் காண்போர் அறமும்

மலிவான பழைய படங்களைத் தேடியெடுத்துத் திரையிடுவதையே பணியாகக் கொண்ட கழகங்கள் உலகின் பல நகரங்களில் உள. குறைந்த பணத்தில், அவசரத்தில், மனிதரின் அச்சத்தையும் காமத்தையும் காசாக்கும் எண்ணத்துடன் எடுக்கப்பட்ட படங்களே அவற்றிற் பெரும்பாலானவை. நல்ல படமொன்றை நாடிச் செல்வதற்கு எவரும் காரணங் கேட்பதில்லை. தீயதென அறிந்த படத்தைக் கூடியிருந்து காண்பது எங்ஙனம் நியாயமாகும் என்பது சிந்தித்தற்குரியது.

சிரிப்புக்காகவே காண்கின்றோம் என்பர் ஒரு சாரார். கஞ்சாவின் கேட்டைப் பெற்றோருக்கு எடுத்துரைக்கும் படமாக 1936இல் வெளிவந்தது ‘றீஃபர் மாட்னஸ்’. அது 1972இல் மீளக் கண்டெடுக்கப்பட்டபின், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலே மாணவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கும் படமாயிற்று. இச்சிரிப்பில் பெரிய குற்றமில்லை. மிகைப்பட்ட உபதேசம் நகைக்கப்படுதல் இயல்பே.

ஆயின் எல்லாப் படங்களும் இத்துணை இலகுவானவையல்ல. டொட் பிறவுணிங் 1932இல் எம்.ஜி.எம். நிறுவனத்திற்காக நெறிப்படுத்திய ‘ஃபிறீக்ஸ்’ என்னும் படத்திலே சர்க்கஸ் கூடாரங்களிற் காட்சிப்பொருளாக வாழ்ந்த உண்மை மனிதரே நடித்தனர். ஒட்டிப்பிறந்த டெய்சி, வயலற் ஹில்ற்றன் சகோதரியர் அவருள் இருவர். கைகாலின்றிப் பிறந்த ராண்டியன் வாயினாலேயே தீக்குச்சியைக் கொளுத்திச் சிகரெட் பற்றவைக்கும் காட்சியும் அதில் உண்டு. செல்வத்துக்காகக் குள்ளனொருவனை மணக்கும் கிளியோபாட்ரா என்பவளின் வஞ்சகமே கதை. அவர்களை மனிதராக மதிக்கும்படி வேண்டித் தொடங்கும் படம், முடிவில் அவர்களையே இருளிலும் மழையிலும் ஊர்ந்துவரும் பயங்கரமாக ஆக்கிவிடுகின்றது. இது நெறியாளரின் பெருந்தவறு என்றே கூறவேண்டும். இவர்களைத் திரையிற் காட்டிப் பணந் திரட்ட முனைந்த கலையகத்தின் உணவுச்சாலையில், இவர்களுட் பெரும்பாலோர் ஏனையோருடன் அமர்ந்து உண்ண அனுமதிக்கப்படவில்லை. பார்க்கத் தகுந்தவர், பக்கத்தில் இருக்கத் தகாதவர்!

இப்படம் பிரித்தானியாவில் 1963 வரை தடைசெய்யப்பட்டிருந்தது. அமெரிக்காவிலோ டுவெயின் எஸ்பர் என்பார் அதனை வாங்கி வேறு பெயர்களிட்டு, விகாரங் காட்டும் வேடிக்கையாக ஊரூராகக் கொண்டு சென்றார். அதே படம் 1962இல் வெனிஸ் திரைப்பட விழாவிலே கலைப்படைப்பாகக் காட்டப்பட்டது. சுருள் மாறவில்லை, காண்போரே மாறினர். அங்ஙனமாயின் செயலின் தன்மையை நிர்ணயிப்பது காண்பவனின் நோக்கந்தானா? நிய்யத்தைச் செயலின் உயிராகக் கருதும் கல்முனைக் கரையோர மக்களுக்கு இவ்வினா புதியதன்று. எனினும் நோக்கம் ஒன்றே போதும் எனில், கலைக்கண் கொண்டு பார்க்கின்றேன் என்று சொல்லும் எவனும் விடுதலை பெற்றுவிடுவான். எஸ்பரின் கூடத்தில் இருந்தவனும் தன்னை அறிவுநாட்டமுடையவன் என்றே எண்ணியிருக்கக்கூடும்.

நற்பிட்டிமுனை போன்ற ஊர்களிலே 1980களில் வாடகைக்கு எடுத்த தொலைக்காட்சிப் பெட்டியையும் ‘டெக்’கையும் முற்றத்தில் வைத்து விடிய விடியப் படம் பார்த்த தலைமுறையினர் தரம் பிரித்துப் பார்த்தவரல்லர். மட்டமான படத்துக்கும் மனமுருகி அழுதனர். நகரத்துக் கழகத்தின் சுவைஞன் இதைக் கேட்டால் நகைப்பான். ஆயினும் திரையில் துன்புறுபவளை ஒரு பெண்ணாகவே கண்டு அழுதவர், அவளது நடிப்பின் குறைகண்டு சிரிப்பவனிலும் தாழ்ந்தவரென எங்ஙனம் கூறலாம்? மறுபுறம், அவ்வெள்ளைமனமே வன்முறையையும் பெண்ணிழிவையும் வினாவின்றி விழுங்கவும் செய்தது. இதனையும் மறைத்தல் நேர்மையாகாது.

இன்று இகழப்படுவது நாளை போற்றப்படும் என்பர் வேறு சிலர். பாமரர் கலையென ஒதுக்கப்பட்ட மட்டக்களப்புக் கூத்தைப் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையிலே ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) என மேடையேற்றியதைச் சான்று காட்டுவர். ஒப்புமை முழுமையானதன்று. கூத்து ஆடியவனின் சொந்தக் கலை. அங்கே அவனை எவரும் காட்சிப்பொருளாக விற்கவில்லை.

ஆகவே இத்தகைய படங்களை அழித்துவிடலாமா? அதுவும் தகாது. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா கலையகம் தீக்கிரையானதை அறிந்தோர், படச்சுருள் எரிவதை எக்காரணத்தாலும் வரவேற்கமாட்டார். புனேயின் தேசியத் திரைப்படக் காப்பகத்தைக் கட்டியெழுப்பிய பி.கே. நாயர் நல்லது கெட்டது பாராது யாவற்றையும் சேகரித்தார். ஆனால் பேணுதல் வேறு. வார இறுதிக் களியாட்டுக்குத் திரையிடுதல் வேறு. இரண்டாவதற்குக் கழகத்தார் தனியே விடை கூறவேண்டும். ஹில்ற்றன் சகோதரியர் யாவர், ராண்டியன் யாவர் என்பதைக் காட்சிக்கு முன்னரே அவையோருக்குக் கூறுதல் அவர்களாற் செய்யக்கூடிய மிகச் சிறிய செயல்.

அப்படத்திலே திருமண விருந்துக் காட்சி ஒன்றுண்டு. குள்ளர்களும் அங்கவீனரும் மணமகளைத் தம்முள் ஒருத்தியாக ஏற்று வாழ்த்துகின்றனர். அவளும் அவளது காதலனும் சிரிக்கின்றனர். பின்னர் அவள் அருவருப்புடன் அவர்களை ஏசி விரட்டுகின்றாள். அத்தருணத்தில் அரங்கின் இருளிலிருந்து எழுவது எத்தகைய ஒலி என்பதைக் கழகத்தார் செவிகொடுத்துக் கேட்கலாம்.