ஐந்து-ஒன்பது

மாலை மணி 7.15. எங்கள் பல்கலைக்கழக அமெச்சூர் வானொலி மன்றத்தின் கருவி முன்னால் உட்கார்ந்து, 14 மெகாஹெர்ட்ஸில் அழைத்துக்கொண்டிருந்தேன். ஜப்பானோ இந்தோனேசியாவோ பதில் சொல்லும் என்று நினைத்தேன். இரைச்சலுக்கு நடுவே வந்தது ஈக்வடார்!

கோலாலம்பூரிலிருந்து பூமியை நேராகத் துளைத்துக்கொண்டு போனால் வெளியே வரும் இடம் ஈக்வடார்தான். கிட்டத்தட்ட 20,000 கிலோமீட்டர். இதைவிடத் தூரமாகப் பேச உலகத்தில் இடமே கிடையாது. இங்கே சூரியன் மறையும் நேரம், அங்கே உதிக்கும் நேரம். அந்தி எல்லையை ஒட்டிப் போகும் அலைகள் சில சமயம் அதிகம் தேயாமல் போய்ச் சேரும். நாங்கள் அனுப்பிய சக்தி வெறும் 100 வாட், பழைய குண்டு பல்பு அளவு.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது தூரம் அல்ல.

தொடர்பு கிடைத்ததும், எதிர்முனையின் ஒலி எப்படிக் கேட்கிறது என்று இரண்டு எண்களில் சொல்ல வேண்டும். தெளிவுக்கு 5 வரை, வலிமைக்கு 9 வரை. நடைமுறையில் எல்லாரும் எல்லாருக்கும் ‘ஐந்து-ஒன்பது’தான். நானும் அப்படியே சொன்னேன். சொன்ன கையோடு, “உங்கள் அழைப்புக்குறியைத் திரும்பச் சொல்லுங்கள், கேட்கவில்லை” என்றேன்! அவரோ நிதானமாக, “உங்களுக்கு மூன்று-மூன்று” என்றார். அதாவது, ரொம்பச் சிரமப்பட்டுத்தான் கேட்கிறது.

சீனியர் அண்ணன் சிரித்தார். “சுகமான்னு கேட்டா சுகம்னு சொல்றதில்லையா தம்பி? அந்த மாதிரிதான் இதுவும். யாரு ஏமாந்தா?”

நியாயம்தான். குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மைதான் என்று வள்ளுவரே இடம் கொடுக்கிறார். ஆனால் என் பொய்யால் யாருக்கு என்ன நன்மை? அவருடைய குரல் இங்கே எப்படி வந்து சேர்கிறது என்று அந்த நிமிடம் அவருக்குச் சொல்ல என்னால்தான் முடியும். நான் மரியாதை என்ற பெயரில் ஒன்றுமே சொல்லவில்லை. அவர் ‘மூன்று-மூன்று’ என்றதால்தான் நான் வேகத்தைக் குறைத்து, என் பெயரை எழுத்தெழுத்தாக மூன்று முறை சொன்னேன். அவரும் புகழ்ந்திருந்தால் கடகடவென்று பேசித் தொடர்பையே கோட்டை விட்டிருப்பேன்.

இப்போது அவருக்கு உறுதி அட்டை அனுப்ப வேண்டும். என்ன எண் எழுதுவது? காற்றில் சொன்னது 59. பதிவேட்டிலும் அதுதான். அதை இப்போது மாற்றினால் நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதுகிற இன்னொரு பொய். மூன்று நாள் அட்டை மேசையிலேயே கிடந்தது.

கடைசியில் 59 என்றே எழுதினேன். கீழே குறிப்புப் பகுதியில் பொடி எழுத்தில்: “உண்மையில் கேட்டது 33. மன்னிக்கவும்.”