குறித்த எல்லைக்கு அப்பால்

தமக்கு உடைமையாக இல்லாத, கூலி கொடுத்துப் பயன்படுத்தும் ஒரு பொருளை, உடையவர் குறித்த இடத்துக்கு அப்பால் கொண்டுசென்று, சிறு கீறலும் இன்றித் திருப்பித் தந்துவிட்டால் அச்செயலில் குற்றம் உண்டா என்னும் வினா, அறநூல்களில் மிகப் பழையது. சென்னையில் வாடகைக் கார் எடுத்துப் பழவேற்காடு ஏரியைக் காணப் புறப்படுவோர் முன் அதே வினா இன்றும் நிற்கிறது. ஏரியின் தென்கோடி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும், பெரும்பரப்பு ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்திலும் அமைந்திருப்பதால், ஏரியின் இரு பக்கமும் பார்க்க விரும்புபவர் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் வழியாகத் தடாவை அடைந்து, சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் ஊடே செல்லும் சாலையில் பூநாரைகளைக் கண்டு மாலைக்குள் திரும்பும்போது, ஒரே நாளில் இருமுறை மாநில எல்லையைக் கடந்துவிடுகிறார்.

இந்த எல்லை இயற்கை வகுத்தது அன்று. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்த பிறகும் இப்பகுதியின் எல்லைப் பூசல் தீராமல், 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கும் சத்தியவேடு ஆந்திரத்துக்கும் என ஊர்கள் கைமாறிய பின்னரே ஒருவாறு நிலைபெற்றது. கோட்டின் இருபுறமும் ஒரே உவர்நீர்தான். ஆகவே பறவைக்கும் மீனுக்கும் இல்லாத எல்லை மனிதனுக்கு எதற்கு என்று கேட்டுவிடுவது எளிது. அக்கேள்வியில் பரிவு உண்டு, ஆனால் ஆராய்ச்சி இல்லை. வாக்குறுதியும் திருமணமும் கூலியும் மனிதர் தமக்குள் ஒப்பிச் செய்துகொண்டவையே. அதனால் அவை பொய்யாகிவிடுவதில்லை. இயற்கையில் இல்லாத ஒன்று ஒப்பந்தத்தில் இருக்குமானால், அதை மீறுவதும் மீறலே.

வாடகைக் காருக்கு இவ்வகையில் இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது அரசினுடையது. ஓட்டுநருடன் வரும் வாடகைக் காருக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தும், எடுப்பவரே ஓட்டும் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தும் என்று எண் பலகையே அதன் நிலையை ஊரறியச் சொல்கிறது. 2021 ஏப்ரல் 1இல் நடப்புக்கு வந்து 2023இல் புதுப்பிக்கப்பட்ட விதிகளின்படி அகில இந்தியச் சுற்றுலா அனுமதி பெற்ற வண்டியாக இல்லாவிடில், பிற மாநிலத்துக்குள் நுழையத் தனியே அனுமதியும் வரியும் வேண்டும். இவ்வெல்லையைப் பணம் கட்டிக் கடக்கலாம். இரண்டாவது எல்லை வண்டியை உடையவர் இட்டது. அவருடைய இசைவு ஒன்றினாலேயே அது கடக்கத்தக்கது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் இதனை ஒப்படைப்பு என்னும் தலைப்பில், அதாவது ஒரு காரியத்தின் பொருட்டுப் பிறர் கையில் தந்து, காரியம் முடிந்ததும் திரும்பப் பெறும் உறவு என்னும் முறையில் ஆராய்கிறது. பெற்றவர் தம் சொந்தப் பொருளுக்கு அறிவுள்ள ஒருவர் காட்டும் கவனத்தைக் காட்டினால் போதும் என்று 151ஆம் பிரிவு கூற, நிபந்தனைக்கு மாறாகப் பயன்படுத்தும்போது நேரும் சேதத்துக்கு அவரே பொறுப்பு என்று 154ஆம் பிரிவு கூறுகிறது. கவனமாக ஓட்டினேன் என்னும் விடை எல்லைக்குள் செல்லும். எல்லைக்கு அப்பால் செல்லாது.

பழவேற்காட்டு மக்களின் சமய மரபுகள் இதனை இன்னும் ஆழமாகச் சிந்தித்திருக்கின்றன. அவ்வூர் முஸ்லிம்கள் அமானிதம் என்று சொல்வது, பிறர் நம்பி ஒப்படைத்த பொருளையும் அதைக் காக்கும் கடமையையும் ஒருங்கே குறிக்கும். 12ஆம் நூற்றாண்டில் மர்கீனானி தொகுத்த ஹிதாயா என்னும் சட்டநூல், ஹீரா என்னும் ஊர்வரை செல்ல ஒரு விலங்கை வாடகைக்கு எடுத்தவர், அதைக் கடந்து காதிஸிய்யாவரை சென்று, மீண்டும் ஹீராவுக்குத் திரும்பிய பின் விலங்கு இறந்தாலும், அவர் இழப்பீட்டுக்கு உரியவரே என்கிறது. இதன் நுட்பங்களில் உரையாசிரியர்கள் வேறுபட்டாலும் உள்ளே இருக்கும் கருத்து தெளிவானது: நம்பிக்கை முறிந்த இடத்துக்கு வண்டி திரும்பி வரலாம், முறிந்த நம்பிக்கை அதனோடு திரும்பி வருவதில்லை. மகிமை மாதா ஆலயத்தைச் சூழ்ந்து வாழும் மீனவக் கிறிஸ்தவர்களின் திருநூலிலும், விடுதலைப் பயண நூலின் 22ஆம் அதிகாரம், இரவல் பெற்ற விலங்கு இறக்கும்போது உடையவர் உடனிருந்தாரா இல்லையா என்பதைக் கொண்டு பொறுப்பைப் பிரிக்கிறது. ஓட்டுநருடன் வரும் காருக்கும் தானே ஓட்டும் காருக்கும் உள்ள வேறுபாட்டின் வேர் அங்கேயே இருக்கிறது.

சைவ சித்தாந்தம் இதனை வாழ்வு முழுமைக்கும் விரிக்கிறது. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும், அதாவது உடல், மனம் முதலிய கருவிகள், வாழும் உலகு, நுகரும் பொருள்கள் ஆகிய அனைத்தும், உயிர் தன் மலம் நீங்கிப் பக்குவம் அடையும் பொருட்டு இறைவன் மாயையிலிருந்து ஆக்கித் தந்தவை. உயிருக்கு அவற்றின்மேல் பயன் உண்டு, உடைமை இல்லை. இக்கொள்கையை ஏற்பவருக்கு ஒரு நாள் வாடகை என்பது வாழ்வின் விதிவிலக்கு அன்று, அதன் வெளிப்படையான வடிவம்.

நூலில் உள்ள இக்கருத்தை ஏரிக்கரையினர் தொழிலில் வைத்திருக்கிறார்கள். முகத்துவாரத்தை அடுத்த பட்டினவர் குப்பங்களில், இறாலுக்கு வலை கட்டும் இடங்களைச் சுழற்சி முறையில் பகிர்ந்துகொள்வதைப் பாடு என்கிறார்கள். முறை வந்தவருக்கு அந்த நாளின் நீர் உண்டு. அடுத்த நாள் அதே நீர் அடுத்தவருடையது. இதன் குறையையும் சொல்லியாக வேண்டும்: ஊர்ப் பட்டியலில் இல்லாத தலித் மீனவரும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளரும் இச்சுழற்சிக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். எல்லை இடுவது அறமாக வேண்டுமானால், அதனால் விலக்கப்படுபவரின் குரலும் அதை இடும் அவையில் ஒலித்திருக்க வேண்டும். மாநிலக் கோட்டுக்கும் இது பொருந்தும். சுற்றுலா செல்பவர் வரி கட்டிக் கடக்கும் அதே கோட்டை, மீன் தேடிப் படகில் கடக்கும் மீனவர் பூசலுக்கும் வலை பறிபோவதற்கும் அஞ்சிக் கடக்க வேண்டியிருப்பது நீதி அன்று.

எனவே தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை, குற்றம் உண்டு என்பதே. சேதம் நேராமை தண்டனையைக் குறைக்கலாம், செயலை நேர்மையாக்காது. ஏரிக்குப் போகிறவர்கள் ஆந்திர எல்லையைக் கடக்கப்போவதை வண்டி உடையவரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் இசைவை எழுத்தில் பெற்று, அனுமதிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு புறப்படுங்கள். வறண்ட ஏரிப்படுகை சமதரையாகத் தோன்றினாலும் அதில் காரை இறக்காதீர்கள். அது மீனவரின் தொழிலிடம்.