காடி சுவைத்த மூவர்

காடி நிறைந்த சாடியைச் சூழ்ந்து நின்று கன்பூசியஸ், புத்தர், லாவோட்சு மூவரும் சுவை பார்க்கும் காட்சியைச் சீன ஓவியரும் ஜப்பானின் கானோ மரபினரும் வரைந்துள்ளனர். முன்னவர்க்குப் புளிப்பு, புத்தர்க்குக் கசப்பு, லாவோட்சுவுக்கு இனிப்பு என ஒரு விளக்கம் உண்டு. இனிப்பென்றவரே ஞானி என அது முடிக்கும். வெளிப்படையான ஏகாந்தவாதம், விட்டுவிடுவோம்.

சாடி ஒன்றே, ஆதலின் மூன்று நெறிகளும் ஒன்றே என்பது மற்றொரு விளக்கம். இதனை அநேகாந்தம் என்று நம்மவர் சிலரே போற்றுவதுண்டு. நாம் உடன்படோம். 'ஒருவகையில்' எனப் பொருள்படும் 'ஸ்யாத்' என்னும் சொல் ஒவ்வொரு கூற்றுக்கும் எல்லை வகுக்குமேயன்றி, வேறுபாட்டை அழிக்காது. எல்லாம் ஒன்றே எனத் தலையசைப்பவர், புத்தர் ஏன் முகம் சுளித்தார் என வினவுவதே இல்லை. துக்கத்தையே முதல் வாய்மையாகக் கூறியவரன்றோ அவர்! இப்படத்தைக் காணும் பேரப்பிள்ளைகள், "யார் சொன்னது சரி?" என்றால், "எந்த நோக்கில்?" என்று நாம் திருப்பிக் கேட்கலாம்.